ஓரக்கண் வைத்த தலைகள்

மெத்தை தைக்கிறவளுக்குக் கரடி தைக்க வருமா என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. அருங்காட்சியகத்தில் பல வருடமாக நின்றுகொண்டிருந்த கரடிக்கு வயிற்றுத் தையல் விட்டுப்போய், உள்ளே இருந்த வைக்கோலெல்லாம் வெளியே வந்துவிட்டது. அங்கிருந்த அதிகாரி ஊரெல்லாம் ஆள் தேடிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மெத்தைக் கடைக்குச் சொல்லி அனுப்பினார். கடை முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் உட்கார்ந்து தலையணைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம், போய் என்னவென்று பார்த்துவிட்டு வா என்றார். அவள் ஒரு பெரிய ஊசியையும் ஒரு மூட்டைப் பஞ்சையும் எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் கரடி கம்பீரமாக நின்றது. முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் பருமன்தான். ஆனால் எந்தக் கரடியும் வந்து புகார் சொல்லவில்லை.

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் பஞ்சக்கா. அறுபதைத் தொடும் வயதிலும் அது உதிரவில்லை. வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கரடியோடு நிற்காமல், செத்த மிருகத்தை உயிரோடு இருப்பதாகத் தோன்றும்படி பாடம் பண்ணி நிறுத்தும் வேலையை அவள் அங்கேயே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. பழைய நரி, பழைய ஆந்தை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, உள்ளே எந்தக் கம்பி எப்படி வளைந்திருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, மறுபடி தைத்து வைத்துவிடுவாள். இரண்டு வருடம் கழித்து, சைக்கிள் கடைக்குப் பின்னால் இரண்டு அறை பிடித்துச் சொந்தமாகக் கடை போட்டாள். முன்னறையில் முடிந்த உருப்படிகள். பின்னறையில் உப்பு டிரம், படிகாரம், களிமண், கம்பிச் சுருள், நீளமான மேஜை ஒன்று. மேஜை டிராயரில் கண்ணாடிக் கண்கள். அதைத் திறந்தால் எழுபது எண்பது கண்கள் ஒரே நேரத்தில் உங்களைப் பார்க்கும். புதிதாக வந்த தபால்காரர் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

ஊரைச் சுற்றிக் காடு. வேட்டையாட அரசாங்கமே சீட்டு கொடுக்கும், மாதம் குறிக்கும், ஆளுக்கு இத்தனை என்று அளவும் சொல்லும். எதற்காகச் சுடுகிறாய் என்று மட்டும் கேட்காது. அதைப் பஞ்சக்கா கேட்பாள்.

அவள் கேட்கிற விதமே தனி. தலையும் தோலுமாக மானையோ பன்றியையோ கொண்டுவந்து மேஜை மேல் வைப்பார்கள். அவள் தோலைப் புரட்டிப் பார்ப்பாள், காதைத் தடவுவாள், கொம்பை ஆட்டிப் பார்ப்பாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரியிடம் மழை வருமா என்று விசாரிக்கிற தொனியில், "கறி என்ன ஆச்சு?" என்பாள். வந்தவன் பதில் சொல்வான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு சீட்டில் தேதி எழுதுவாள். அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் ஒரு வழக்கு நடந்து, தீர்ப்பும் ஆகிவிட்டது என்று வந்தவனுக்குத் தெரியாது.

தீர்ப்பு கண்ணில் இருந்தது.

இதை அவள் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. கடை போட்ட முதல் வருடம், கையில் வேலை இல்லாமல், மூன்று நாளாகக் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அப்போது ஒரு பணக்காரர் மான் தலையோடு வந்தார். பேச்சுக்கு, கறி நன்றாக இருந்ததா என்று விசாரித்தாள். அதை யார் தூக்கிக்கொண்டு அலைவது, அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் என்று அவர் சிரித்தார். பஞ்சக்காவுக்கு வயிறு எரிந்தது. பசியிலும் எரிந்தது, கோபத்திலும் எரிந்தது. அந்தக் கையோடு கண் வைத்தபோது கண்மணி அரிசி அளவு நகர்ந்துவிட்டது, மேல் இமையும் லேசாகச் சரிந்தது. தள்ளி நின்று பார்த்தாள். மான், "இவனா?" என்று கேட்கிற மாதிரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. சரிசெய்யலாம் என்று ஊசியை எடுத்தவள், ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

பணக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. தத்ரூபமாக இருக்கிறது என்று புகழ்ந்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் இன்னொரு தலையோடு வந்தார். அவ்வளவு சுலபமாகக் கிடைத்த சந்தோஷத்தை யார்தான் விடுவார்கள்? அதிலிருந்து கறியைத் தின்றவன் கொண்டுவந்த மிருகத்துக்கு நேர்ப் பார்வை, விளையாட்டுக்குச் சுட்டு வீணடித்தவனின் மிருகத்துக்கு ஓரக்கண் என்று சட்டமாகிவிட்டது. சுவரில் உயரத்தில் மாட்டுவதால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சில வீடுகளில் மட்டும், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டியதை மாடிப்படி ஓரத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், வெளிச்சம் சரியில்லை என்பார்கள். பஞ்சக்கா முகத்தில் ஒன்றும் காட்டாமல், "ஆமா, வெளிச்சம் முக்கியம்" என்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பாள்.

அவளுடைய புருஷன் ஆஸ்பத்திரியில் சமையல்காரர். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நோயாளிகளுக்கு உப்பில்லாமல், காரமில்லாமல், எண்ணெயில்லாமல் சமைத்துச் சமைத்து மனுஷருக்கு நாக்கே மரத்துப்போயிருந்தது. பஞ்சக்காவின் கடைக்கு வாத்து, முயல் போன்ற சின்ன உருப்படிகள் முழுசாக வரும். சுட்டவர்கள் அவற்றை உரிக்கத் தெரியாமல் அப்படியே கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். மருந்து எதுவும் படுவதற்கு முன்பே தோலை உரித்துவிடுவதால் கறி சுத்தமாகத்தான் இருக்கும். அதை வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லி அவர் கேட்டுப் பார்ப்பார். நல்ல கொழுத்த வாத்தாக வந்திருக்கிறதே, நாலு மிளகு தட்டிப் போட்டு வதக்கினால் எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பிப்பார். பஞ்சக்கா பேச்சை அங்கேயே வெட்டிவிடுவாள். கண்டவன் பொழுதுபோகாமல் சுட்ட பறவையைத் தின்று வயிறு வளர்க்கும் நிலைமை நமக்கு வரவில்லை என்பாள். கடைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி வைத்திருந்தாள். கறியெல்லாம் அங்கே போனது. குழிக்குப் பக்கத்தில் நின்ற எலுமிச்சை மரம் மட்டும் வருடம் முழுக்கக் காய்த்துத் தள்ளியது.

இப்படியே முப்பத்தைந்து வருடம் ஓடிய பிறகுதான் வேட்டைக்காரர் சங்கத் தலைவர் ஒரு அழைப்பிதழோடு கடைக்கு வந்தார்.

தலைவர் சிமெண்ட் வியாபாரி. ஊரிலேயே அதிகமான தலைகளை வீட்டில் மாட்டி வைத்திருந்தவர். பதினான்கு தலைகள், பதினொரு வாத்துகள். இருபத்தைந்துக்கும் ஓரக்கண். "எனக்கு இறைச்சி ஒத்துக்காது, ரத்தக்கொதிப்பு. சுடறது ஒரு ஆசை, அவ்வளவுதான்" என்று முதல் நாளே பட்டென்று சொல்லிவிட்டவர். வெட்கம் கெட்ட மனுஷன் என்று பஞ்சக்கா அன்றே முடிவு கட்டிவிட்டாள். அவருடைய உருப்படிகளுக்கு இமையை இன்னும் கொஞ்சம் கூடவே சரித்தாள்.

சங்கத்துக்கு ஐம்பது வருடம் ஆகிறதாம். அதற்காக ஊரில் உள்ள தலைகளையெல்லாம் சேகரித்து நகர மண்டபத்தில் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். பார்க்கிறவர்களுக்கு வசதியாக ஆள் உயரத்துக்கு, வரிசையாக மாட்டப்போகிறார்களாம். எல்லாம் அக்கா கை வேலை என்பதால் அக்காவும் மேடையில் உட்கார வேண்டுமாம். பஞ்சக்கா வாய் திறப்பதற்குள் தலைவர் அழைப்பிதழை நீட்டினார். சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தாள். கண் டாக்டர்.

வருகிறேன் என்று மட்டும் சொல்லி அழைப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டாள்.

தனித்தனியாக, உயரத்தில், ஒவ்வொரு வீட்டில் இருந்தவரை அது அவளுக்கு மட்டும் தெரிந்த வேடிக்கை. நாற்பது தலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குருடனுக்குக்கூடத் தெரிந்துவிடும். அதற்குக் கண் டாக்டரையே கூட்டி வருகிறார்கள். விஷயம் வெளியே வந்தால் அப்புறம் எவன் இந்தக் கடைப்படி ஏறுவான்? அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தக் கைராசி ஒன்றுதான். பஞ்சக்கா பாடம் பண்ணினால் மிருகமே திரும்பி வந்த மாதிரி இருக்கும் என்கிற பேர். மெத்தைக் கடை மூலையிலிருந்து அவள் எழுந்து வந்ததே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டுதான். அது போனால் திரும்பிப் போய் உட்கார அந்த மூலைகூட இப்போது இல்லை.

கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. தூசி தட்டித் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு அவள் வீடு வீடாகக் கிளம்பினாள். ஈரப் பஞ்சை இமை மேல் ஒரு மணி நேரம் வைத்தால் தோல் இளகும். பிறகு வளைந்த ஊசியால் கண்ணைத் திருப்பிவிடலாம். ஒரு வீட்டில் இரண்டு காப்பி குடிக்கும்வரை பேச்சுக் கொடுத்து ஒரு பன்றியை நேராகப் பார்க்க வைத்தாள். இன்னொரு வீட்டில் இரண்டு மான்கள். இப்படியே போனால் ஒன்பது நாளில் பாதிகூட முடியாது என்று அவளுக்கே தெரிந்தது.

மூன்றாவது, பல் டாக்டர் வீடு. அங்கே பல் டாக்டரின் மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பன்றித் தலையில் கை வைக்கக் கூடாது என்றாள். ஏனென்றால் அது வந்த நாளிலிருந்து அவளுடைய புருஷனால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லையாம். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது தன்னைக் கேவலமாகப் பார்க்கிறது என்று புலம்பிப் புலம்பி, மூன்று வருடமாகத் துப்பாக்கியைத் தொடவில்லையாம். "ஞாயித்துக்கிழமையானா மனுஷன் இப்ப வீட்டுல இருக்காரு. அந்தப் புண்ணியம் உங்க பன்னிக்குத்தான். தூசியோடயே இருக்கட்டும்" என்றாள்.

பஞ்சக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் ஓரக்கண் ஒரு ஆளைத் திருத்தியிருக்கிறது என்ற பெருமை, பயத்தையெல்லாம் தள்ளிவிட்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த நடையோடுதான் பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனாள். அங்கே திருத்த வேண்டியது எதுவும் இல்லை. டிரைவரின் மான் நேர்ப் பார்வைக்காரன். அவள் செய்ததிலேயே அழகான மான். எட்டு வருடத்துக்கு முன்னால் டிரைவர் அதைக் கொண்டுவந்து, "மொத்தத்தையும் சாப்பிட்டோம்க்கா, எலும்பக்கூட விடல, ரெண்டு வாரம் சூப்பு வெச்சோம்" என்று சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டிராயரின் அடியில் வைத்திருந்த உசத்தியான கண் ஜோடியை எடுத்து அந்த மானுக்கு வைத்தாள். அந்தப் பெருமையோடு நல்லதாக இன்னொன்றையும் பார்க்க வேண்டும் என்றுதான் இப்போது அங்கே போனாள்.

டிரைவர் வண்டிக்குப் போயிருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக அந்த இரண்டு வாரச் சூப்பைப் பற்றிப் பஞ்சக்கா சொன்னாள். அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"கறியா? எங்க வீட்டுக்கு எப்பக்கா கறி வந்துச்சு? அந்தத் தலையத் தூக்கிட்டு வரவே தோள்பட்ட போச்சுன்னு ஒரு வாரம் எண்ண தேச்சுவிட்டேன். மிச்சத்த நரி தின்னிருக்கும்."

பஞ்சக்கா மானைப் பார்த்தாள். உசத்தியான கண்களால் மான் அவளை நேருக்கு நேர் பார்த்தது. என்ன செய்ய, அது செத்து எட்டு வருடமாகிறது, அதற்கு என்ன தெரியும்?

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்புதான். டிரைவர் ஒருவர்தானா? இன்னும் எத்தனை பேர் இவள் முகத்தைப் பார்த்து, எந்தப் பதில் சொன்னால் இந்த அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கணித்துச் சொன்னார்களோ? உண்மையைச் சொன்னவனுக்கெல்லாம் ஓரக்கண் வைத்து, பொய் சொன்னவனுக்கு உசத்திக் கண் வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வருடம் தன்னை நீதிபதி என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு மூக்கு உடைந்தது. ஊசியைத் திரும்பக் கையில் எடுக்கவில்லை. மீதித் தலைகள் எப்படி இருந்தனவோ அப்படியே மண்டபத்துக்குப் போயின. அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிடேன் என்று புருஷன் யோசனை சொன்னார். அந்த யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அந்தத் தலைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. உள்ளதைச் சொன்னால், ஆசையாகவே இருந்தது.

கண்காட்சி அன்று காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. சங்கத்துக்காரர்கள் புதுச் சட்டையும் அதில் குத்திய சங்க வில்லையுமாக அவரவர் தலைக்குக் கீழே நின்றார்கள். பஞ்சக்கா மேடையில் ஏறித் திரும்பி எண்ணிப் பார்த்தாள். மொத்தம் நாற்பத்து நாலு. கல்யாண வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்களே, அந்த மாதிரி முப்பத்தெட்டுப் பேர் வரிசையாக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திருப்பி வைத்த மூன்றும்கூடத் தோல் காய்ந்ததும் பழையபடி ஓரம் போயிருந்தன. நடுநடுவே ஆறு தலைகள் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளைகளாக நேரே பார்த்தன.

கண் டாக்டர் ரிப்பனை வெட்டினார். முதல் மானுக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது, பன்றி, வாத்து. எட்டாவதில் திரும்பினார்.

"இந்தக் காட்டுல எல்லாத்துக்கும் மாறுகண்ணா?" என்றார்.

கூட்டம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தலையைத் திரும்பிப் பார்த்தார்கள், பக்கத்தில் உள்ளதைப் பார்த்தார்கள், சிரிப்பு மெல்ல அடங்கியது. தலைவர் சமாளித்தார். போன மழைக்காலத்து ஈரத்தில் கண்கள் நகர்ந்திருக்கும், அப்படித்தானே அக்கா என்று மேடையைப் பார்த்துக் கேட்டார். தப்பிக்க வழி தானாக நடந்து வந்து காலடியில் நின்றது. அவள் தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் போனாள்.

அதற்குள் கண் டாக்டர் பஸ் டிரைவரின் மானிடம் போய்விட்டார். இதுதான் குறையே இல்லாத பார்வை, இப்படி ஒரு சாந்தமான மானைப் பார்த்ததில்லை என்றார். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு, தான் வயிற்றுக்கு வேட்டையாடுகிறவன், மற்றவர்களைப் போல வேடிக்கைக்குச் சுடுகிறவன் இல்லை, ஒருவேளை அதனால்தானோ என்னவோ என்று அடக்கமாகச் சொன்னார். டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். எண்ணெய் தேய்த்த தோள்.

பஞ்சக்காவுக்குப் பொறுக்கவில்லை. தன் பேர் போகட்டும், கடை போகட்டும், இது மட்டும் நடக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. மைக்கைப் பிடித்தாள்.

"ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் வெச்சேன்" என்றாள்.

ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கறியைத் தின்றவனுக்கு நேர்ப் பார்வை வைத்தேன், வீணாக்கினவனுக்கு ஓரக்கண் வைத்தேன், பசிக்கு ஒரு உயிரை எடுப்பது ஒன்று, சுவரில் மாட்ட எடுப்பது இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுக்க என் கை ஒப்பவில்லை என்றாள். பிறகு சொன்னாள்: "நேரா பாக்கற ஆறுல ஒண்ணு பொய் சொல்லி வாங்கினது. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஒன்று என்றுதான் சொன்னாள். ஆனால் டிரைவரோடு சேர்த்து நாலு பேர் ஒரே நேரத்தில் மண்டபத்தின் கூரையை ஆராய ஆரம்பித்தார்கள்.

பின்வரிசையில் முதலில் சிரித்தது பல் டாக்டரின் மனைவி. அப்புறம் மண்டபமே இரைச்சல் ஆகிவிட்டது. ஓரக்கண் கோஷ்டி நேர்ப்பார்வை கோஷ்டியைப் பார்த்துக் கை நீட்டியது. நாங்கள் சுட்டோம், இல்லையென்று சொன்னோமா, நீங்கள் பொய்யும் சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள் என்றது. நேர்ப்பார்வையில் நிஜமாகவே தின்ற இரண்டு பேர் அழாத குறையாகச் சத்தியம் செய்தார்கள். இந்தச் சந்தடியில் தன்னை மறந்துவிடுவார்கள் என்று பஞ்சக்காவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கூடவே லேசாகக் கர்வமும் வந்தது. அந்தக் கர்வத்தை மறைக்க மடியில் இருந்த அழைப்பிதழை எடுத்து விசிறிக்கொண்டாள்.

தலைவர் மேடைக்கு வந்தார். கையில் ஒரு வாத்து இருந்தது, வரிசையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் பஞ்சக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே ஒரு சந்தேகம் கேட்கிறவராக நின்றார்.

"அக்கா, நான் சாப்பிடறதில்ல. அத நான் மறைச்சதும் இல்ல. அதுக்கு நீங்க ஓரக்கண் வெச்சீங்க, சரி, உங்க நியாயம். ஆனா இந்த வாத்துங்கள நான் காட்டுல விட்டுட்டு வரல. சுட்ட கையோட முழுசா உங்ககிட்ட கொண்டுவந்து குடுத்தேன். வீட்டுல சமைச்சுக்குங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பதினொரு வாத்து." அவர் வாத்தை மேஜை மேல் வைத்தார். "அந்தக் கறி என்ன ஆச்சு?"

முப்பத்தைந்து வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

வீட்டில் சமைத்தோம் என்று சொல்லலாம். புருஷன் சமையல்காரர் என்று ஊருக்கே தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டு வாரச் சூப்பு என்றுகூடச் சேர்த்துக்கொள்ளலாம். வாய்வரை வந்துவிட்டது. டிரைவரைப் பார்த்தாள். அவர் கூரையை விட்டுக் கண்ணை இறக்கி, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று வெகு ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழியில போட்டேன்" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

இவருடைய பதினொன்று மட்டுமா? பல் டாக்டரின் முயல்கள், சைக்கிள் கடைக்காரர் மச்சானின் காடைகள், ஊரில் சிறகோடும் வாலோடும் வந்த அத்தனையும் என்று மைக்கிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒருவர் ஒரு மானை விட்டுவிட்டு வந்தார், இன்னொருவர் ஒரு பன்றியை விட்டுவிட்டு வந்தார். அத்தனை பேர் வீணாக்கியதும் அவள் ஒருத்தியின் குழிக்கு ஈடாகாது. பசித்த மனுஷன் ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் கொடுக்கவில்லை. அவள் சுடவில்லை, அவ்வளவுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் தன்னைச் சுத்தம் என்று நினைத்திருந்தாள். சொல்லி முடித்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது. இனி கடையைப் பூட்டிவிட வேண்டியதுதான், இவர்கள் விரட்டிவிடுவார்கள், விரட்டினாலும் தகும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைவர் விரட்டவில்லை. தன் கோட்டில் குத்தியிருந்த சங்க வில்லையைக் கழற்றினார். அதில் ஒரு துப்பாக்கியும் ஒரு மான் தலையும் பொறித்திருந்தது. அக்காவுக்கு இன்று ஒரு கேடயம் கொடுப்பதாக இருந்தோம், அது இப்போது போதாது என்று மைக்கில் சொன்னார்.

"பசிக்கில்லாம ஒரு உயிர வீணாக்கறவங்கதான் இந்தச் சங்கம். நாங்களும் ஐம்பது வருஷமா முடிஞ்ச வரைக்கும் பாத்தோம். அக்கா அளவுக்கு எங்கள்ல ஒருத்தராலயும் முடியல. ஆயுள் உறுப்பினரா சேத்துக்கறோம்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கண் டாக்டர்கூடத் தட்டினார். கிண்டலா நிஜமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை, அவர்களுக்கே அது தெரிந்திருக்காது. வேண்டாம் என்று கையைத் தட்டிவிட ஒரு காரணம் தேடினாள். எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. தலைவர் வில்லையை அவள் தோள் பக்கம் துணியில் குத்திவிட்டார். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, ஒருமுறை சரிசெய்தும் விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதலில் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வில்லையைப் பார்த்தார், குனிந்து துப்பாக்கியையும் மான் தலையையும் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"சங்கத்துல சேத்துக்கிட்டாங்க."

"உன்னையா? உன்ன எதுக்குச் சேக்கறாங்க?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது, இரண்டையும் அடக்கப் பார்க்கவில்லை.

"தகுதி இருந்துச்சுங்க" என்றாள்.